மேலே ஏறாத செய்தி

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு மீட்டிங் முடிகிற நேரத்தை நினைத்துப் பாருங்கள். பேசியவர் நோட்டை மூடிக்கொண்டே, "எல்லாருக்கும் புரிந்ததா?" என்று கேட்கிறார். தலைகள் ஆடுகின்றன. "சரி, அப்போ ஆரம்பித்துவிடலாம்" என்று எழுந்து போய்விடுகிறார். வெளியே வந்ததும் இரண்டு பேர் தயங்கி நின்று, "இப்போது நாம் என்ன செய்ய வேண்டும்? கடைசியாக என்னதான் சொன்னார்?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள்.

இந்தக் காட்சியின் இரண்டு பக்கமும் நான் இருந்திருக்கிறேன். வெளியே நின்று முழித்தவனாக முதலில், பிறகு பல ஆண்டுகள், "புரிந்ததா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனவனாக. நிறுவனங்களுக்குள் செய்தி எப்படிப் போகிறது, எங்கே நின்றுபோகிறது என்று பேச அழைத்திருக்கிறார்கள். என் அனுபவத்தில் அதிகம் தொலைந்துபோவது, கீழே இருப்பவரிடமிருந்து மேலே போக வேண்டிய செய்திதான். ஆகவே பெரும்பாலும் அதைப் பற்றியே பேசப் போகிறேன்.

மேலிருந்து கீழே வரப் பாதைகள் நிறைய இருக்கின்றன. சுற்றறிக்கை, மின்னஞ்சல், அறிவிப்புப் பலகை, இப்போது வாட்ஸ்அப் குழு. அங்கே சிக்கல் வேறு. சொல்பவருக்கு விஷயம் முழுதாகத் தெரியும். அதனாலேயே, எதிரே இருப்பவருக்கு எவ்வளவு குறைவாகப் போய்ச் சேர்கிறது என்பது அவருக்குத் தெரிவதில்லை. 1990-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்பவர் ஒரு சோதனை செய்தார். எல்லாருக்கும் தெரிந்த ஒரு பாட்டின் தாளத்தை ஒருவர் மேசையில் விரலால் தட்ட வேண்டும். என்ன பாட்டு என்று இன்னொருவர் சொல்ல வேண்டும். பாதிக்குப் பாதி கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். தட்டிய 120 பாட்டுகளில் கண்டுபிடிக்க முடிந்தது 3. தட்டுகிறவர் மனதில் பாட்டு முழுதாக ஓடுகிறது. கேட்கிறவருக்கு டொக் டொக் என்ற சத்தம் மட்டும்தான்.

நாம் எழுதும் சுற்றறிக்கைகளில் பல அந்த டொக் டொக்தான். நல்லவேளையாக இதற்கு வைத்தியம் எளிது. "புரிந்ததா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "நாளைக் காலையில் முதலில் என்ன செய்யப் போகிறீர்கள், சொல்லுங்கள்" என்று கேட்டால் போதும். எங்கே பிசகியது என்று அங்கேயே தெரிந்துவிடும். கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்லும் உயரத்தை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும் என்று விதி வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

கீழிருந்து மேலே போவது இவ்வளவு சுலபமில்லை. ஒரு தொழிற்கூடத்தை எடுத்துக்கொள்வோம். மெஷினில் நிற்கும் தொழிலாளி, "இந்த பேரிங் இரண்டு வாரம்கூடத் தாங்காது" என்கிறார். சூப்பர்வைசர் அதைத் தன் மேலாளரிடம், "பேரிங்கில் கொஞ்சம் சத்தம் வருகிறது, பார்த்துக்கொண்டால் நல்லது" என்று சொல்கிறார். மேலாளர் வார அறிக்கையில், "பராமரிப்பு கவனிக்கப்பட்டு வருகிறது" என்று எழுதுகிறார். மாதக் கூட்டத்தில் மேலே உட்கார்ந்திருப்பவர் பார்க்கும் தாளில் அந்த மெஷினுக்கு நேரே பச்சை நிறம். நடுவில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் கொஞ்சம் நயமாகச் சொன்னார்கள், அவ்வளவுதான். நம் பேச்சில் நயத்துக்குப் பெரிய இடம் உண்டு. பெரியவர்களிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று கற்றுத்தானே வளர்ந்திருக்கிறோம்? அந்தப் பக்குவம் வீட்டில் உறவைக் காப்பாற்றும். மெஷினைக் காப்பாற்றாது.

கெட்ட செய்தியைச் சொல்லத் தயங்குவது கோழைத்தனம் என்று நான் நினைக்கவில்லை. 1970-இல் சிட்னி ரோசன், ஆபிரகாம் டெஸர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் இதை எழுதினார்கள்: நல்ல செய்தியை உடனே சொல்லிவிடுகிற மனிதர், கெட்ட செய்தியைத் தள்ளிப் போடுகிறார், அல்லது விழுங்கிவிடுகிறார். மனித இயல்பே அப்படித்தான். அதன் மேல் சம்பளம், பதவி உயர்வு, "இவன் எப்போதும் குறை சொல்கிறவன்" என்ற பெயர், இத்தனையும் வந்து உட்கார்ந்துவிட்டால் யார்தான் வாய் திறப்பார்கள்?

சில சமயம் வாய் திறந்தும் பலன் இருப்பதில்லை. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்பிய 73-ஆவது விநாடியில் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். பக்கவாட்டு ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்துப்போனது காரணம். அதை முன்பே அறிந்தவர்கள் இருந்தார்கள். ராக்கெட்டைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர் ரோஜர் புவாஷொலி அதற்கு ஆறு மாதம் முன்பே தம் நிறுவனத்துக்கு எழுத்தில் எச்சரித்திருந்தார். கிளம்புவதற்கு முந்தைய இரவு நடந்த தொலைபேசிக் கூட்டத்தில், வெப்பநிலை சுமார் 12 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்தால் ஏவ வேண்டாம் என்று பொறியாளர்கள் சொன்னார்கள். நாசா தரப்பில் ஆட்சேபம் வந்ததும், நிறுவனத்தின் நிர்வாகிகள் இணைப்பைத் துண்டித்துத் தனியே பேசினார்கள். திரும்பி வந்தபோது பதில் மாறியிருந்தது.

இதில் என்னை இன்றைக்கும் உறுத்துவது வேறொன்று. விசாரணைக் குழு கண்டுபிடித்தது என்னவென்றால், ஏவலாம் என்று இறுதி முடிவெடுத்தவர்களுக்கு அந்த இரவு அப்படியொரு எச்சரிக்கை வந்ததே தெரியாது. நடுவில் இருந்த ஒரு மட்டத்தோடு அது நின்றுவிட்டது. அந்தக் குழுவில் இருந்த ரிச்சர்ட் ஃபைன்மன் இன்னொன்றையும் எழுதி வைத்தார். ஓடம் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டால், வேலை செய்யும் பொறியாளர்கள் நூற்றில் ஒன்று என்றார்கள். நிர்வாகம் லட்சத்தில் ஒன்று என்றது. ஒரே அமைப்பு, ஒரே இயந்திரம். கீழ்மாடிக்கும் மேல்மாடிக்கும் நடுவில் ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

மாடிகள் நிறைய இருப்பதால்தான் இப்படி என்று தோன்றலாம். மூன்றே பேர், தோளோடு தோள் உரசுகிற இடத்திலும் இது நடந்திருக்கிறது. 1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனெரீஃப் தீவு விமான நிலையம். கடும் மூடுபனி. கே.எல்.எம். நிறுவனத்தின் போயிங் 747 ஓடுபாதையின் ஒரு முனையில் நிற்கிறது. அதே பாதையில் பான் ஆம் நிறுவனத்தின் 747 எதிரே மெல்ல நகர்ந்து வருகிறது. ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரியவில்லை. புறப்படுகிறோம் என்ற அர்த்தத்தில் கே.எல்.எம். துணை விமானி ரேடியோவில் ஒரு வாக்கியம் சொன்னார். புறப்படும் இடத்தில் தயாராக நிற்கிறார்கள் என்று கோபுரம் அதை எடுத்துக்கொண்டது. "ஓகே" என்றது, காத்திருக்கச் சொன்னது. அதே நேரத்தில் பான் ஆம் விமானியும் பேசியதால் இரண்டு குரலும் மோதி, "ஓகே"க்குப் பிறகு கீச்சொலிதான் கேட்டது.

கே.எல்.எம். விமானம் ஓடத் தொடங்கிவிட்டது. கேப்டன், துணை விமானியோடு அந்த அறையில் மூன்றாவதாக இருந்தவர் விமானப் பொறியாளர். ரேடியோவில் அடுத்து வந்த பேச்சைக் காதில் வாங்கிய அவர், "அந்த விமானம் இன்னும் விலகவில்லையா?" என்று கேட்டார். கேப்டன் அழுத்தமாக, "விலகிவிட்டது" என்றார். அந்த நிறுவனத்தில் 747 பயிற்சிக்கே தலைவர் அவர். பக்கத்தில் இருந்த துணை விமானிக்குத் தகுதிச் சோதனை நடத்தியவரும் அவரே. பொறியாளர் மறுபடி கேட்கவில்லை. இரண்டு விமானங்களிலுமாக 583 பேர் இறந்தார்கள்.

அந்த "விலகிவிட்டது" என்ற பதிலின் தொனியை நான் என் குரலில் கேட்டிருக்கிறேன். பழைய பதிவேடுகளைப் புது மென்பொருளுக்கு மாற்றிக்கொண்டிருந்த சமயம். எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒரு இளைஞர் என் மேசைக்கு வந்து நின்றார். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "சீக்கிரம் சொல்லுங்கள்" என்றேன். "ஒன்றுமில்லை சார், அப்புறம் வருகிறேன்" என்று போய்விட்டார். மூன்று மாதம் கழித்து, ஒரு நெடுவரிசைத் தகவல் முழுதாக விடுபட்டிருப்பது தெரிந்தது. பிரிவே உட்கார்ந்து வாரக்கணக்கில் மறுபடி பதிந்தோம். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று அவரிடம் கோபப்பட்டேன். "சொல்ல வந்தேன் சார்" என்றார். கிழமைகூடச் சொன்னார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

"தைரியமாகப் பேசுங்கள்" என்று கீழே இருப்பவர்களுக்கு அறிவுரை சொல்வதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. பேச வைப்பது மேலே இருப்பவரின் வேலை. டெனெரீஃபுக்குப் பிறகு விமானத் துறை அதைத்தான் செய்தது. புறப்படுவதற்கான அனுமதியைக் கொடுக்கும்போதும் ரத்து செய்யும்போதும் தவிர, 'டேக்ஆஃப்' என்ற சொல்லை வேறெங்கும் பயன்படுத்தக் கூடாது என்று வரையறுத்தார்கள். துணை விமானி கேள்வி கேட்கவும், கேப்டன் அதைக் காதில் வாங்கவும் 1980-களிலிருந்து முறையாகப் பயிற்சி கொடுத்தார்கள். அறுவைச் சிகிச்சைக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த சரிபார்ப்புப் பட்டியலிலும், கத்தி வைப்பதற்கு முன் எல்லாரும் தம் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி உண்டு. ஒருமுறை வாய் திறந்து பெயர் சொன்ன நர்ஸுக்கு, பிறகு "டாக்டர், ஒரு நிமிஷம்" என்று சொல்வது கொஞ்சம் எளிதாகிறது. எட்டு மருத்துவமனைகளில் இந்தப் பட்டியலைச் சோதித்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்திருந்தது.

நான் செய்தது மிகச் சின்ன விஷயம். பிரிவின் வாசலில் ஒரு நோட்டு வைத்தேன். யார் எதை வேண்டுமானாலும் எழுதலாம். ஒரு வாரத்துக்குள் பக்கத்திலேயே நான் பதில் எழுதுவேன். செய்ய முடியாததற்கு, ஏன் முடியாது என்ற காரணத்தோடு. முன்பு நாங்கள் வைத்திருந்த ஆலோசனைப் பெட்டிக்கும் இதற்கும் அந்தப் பதில் ஒன்றுதான் வித்தியாசம். பெட்டியில் போட்ட சீட்டு எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. அதனால் நாளடைவில் யாரும் போடவில்லை.

முதல் சில மாதங்கள் மின்விசிறி, உடைந்த நாற்காலி, பூட்டு என்றுதான் எழுதினார்கள். எல்லாவற்றுக்கும் பதில் எழுதினேன். ஐந்தாவது மாதம் ஒருவர், நான் அனுப்பிய ஒரு கணக்கிலேயே தவறு இருப்பதாக எழுதியிருந்தார். கீழே தம் பெயரை முழுதாக எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

வணக்கம்.