மயால் கிரீக்: ஓர் ஓடையும் ஓர் எல்லையும்

நேயர்களுக்கு வணக்கம்.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடபகுதியில், பிங்கரா என்ற சிற்றூரிலிருந்து ஏறத்தாழ 23 கிலோமீட்டர் தொலைவில் மயால் கிரீக் என்றொரு சிறிய ஓடை இருக்கிறது. இங்கிலாந்தில் கிரீக் என்றால் கடல்நீர் ஏறி இறங்கும் கழியைக் குறிப்பார்கள். ஆஸ்திரேலியாவில் அதே சொல் உள்நாட்டு ஓடைக்கு வழங்குகிறது. மழை பெய்தால் பெருகியும், மழை பொய்த்தால் அங்கங்கே குட்டைகளாகச் சுருங்கியும் கிடக்கும் இந்த ஓடையின் நீர் குவைடர் ஆற்றில் கலக்கிறது. குவைடர் மேற்கே சமவெளியில் இறங்கிச் சதுப்பு நிலங்களில் பரந்து, எஞ்சியதைப் பார்வன் ஆற்றுக்குக் கொடுக்கிறது; பார்வன் டார்லிங் ஆகி, டார்லிங் மரே ஆற்றோடு சேர்ந்து தென்கடலை அடைகிறது.

மயால் என்பது கிளைகள் தொங்கும், இலைகளில் வெள்ளிச் சாயல் படர்ந்த ஒருவகை வேல மரத்தின் பெயர். சிட்னிப் பகுதிப் பூர்வகுடி மொழியில் இதே ஒலியுள்ள ஒரு சொல்லுக்கு அந்நியர் என்று பொருள். குடியேறிகள் அந்தச் சொல்லை எடுத்து, தங்கள் குடியிருப்புகளுக்கு அப்பால் வாழ்ந்த பூர்வகுடிகளுக்கே பெயராகச் சூட்டினார்கள். தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் வாழ்ந்தவர்கள் அங்கேயே அந்நியர் ஆனது எப்படி என்பதை இந்த ஓடையின் கரையில் நின்றால் விளங்கிக்கொள்ளலாம்.

1829ஆம் ஆண்டு குடியேற்ற அரசு பத்தொன்பது மாவட்டங்களை வரையறுத்து, அவற்றுக்கு வெளியே எவரும் குடியேறக் கூடாது என்று எல்லை வகுத்தது. கால்நடை உரிமையாளர்கள் அந்தக் கோட்டை மதிக்கவில்லை. மந்தைகளை ஓட்டிக்கொண்டு வடக்கே போய்க்கொண்டே இருந்தார்கள். 1836இல் அரசே இறங்கிவந்து, ஆண்டுக்கு 10 பவுண்டு கட்டினால் எல்லைக்கு அப்பாலும் மேய்த்துக்கொள்ளலாம் என்று உரிமம் கொடுத்தது. மந்தைக்குப் புல்லைவிட முதலில் வேண்டியது தண்ணீர். ஓர் ஓடையின் கரையைப் பிடித்தவர் கைக்குள் அதன் பின்னால் இருந்த வறண்ட நிலம் முழுவதும் வந்துவிடும். ஆனால் கங்காருவும் மீனும் கிழங்கும் கிடைத்த இடமும் அதே கரைதான். ஆகவே மோதல்கள் ஓடைகளின் அருகே மூண்டன. 1838 ஜனவரியில் குதிரைப் படையினர் பூர்வகுடிகளைச் சுட்டுக் கொன்ற இடம் வாட்டர்லூ கிரீக். அதே வட்டாரத்தில் ஸ்லாட்டர்ஹவுஸ் கிரீக், அதாவது கசாப்புக்கொட்டில் ஓடை, என்ற பெயரும் உண்டு.

மயால் கிரீக் கரையில் ஹென்றி டேங்கர் என்பவரின் மாட்டுப் பண்ணை இருந்தது. 1838 மே மாதம், கமிலராய் மொழி பேசும் விர்ரயராய் மக்களில் ஒரு குழுவினர், பிரிட்டனிலிருந்து நாடுகடத்தப்பட்டுப் பண்ணை வேலைக்கு விடப்பட்ட கைதி சார்ல்ஸ் கில்மீஸ்டரின் அழைப்பில் அங்கு வந்து, குடிசைகளின் அருகே தங்கினார்கள். சில வாரங்கள் எந்தச் சண்டையும் இல்லை. ஜூன் 10, ஞாயிற்றுக்கிழமை, பண்ணை மேற்பார்வையாளர் வில்லியம் ஹாப்ஸ் மாடுகளோடு வெளியே போயிருந்தார். விர்ரயராய் இளைஞர்கள் சிலர் மரப்பட்டை வெட்ட வேறொரு பண்ணைக்குப் போயிருந்தார்கள். எஞ்சியிருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். மாலையில் ஆயுதங்களோடு குதிரையில் வந்தவர்கள் அவர்களை ஒரு நீண்ட கயிற்றில் பிணைத்தார்கள். அழைத்து வந்து தங்கவைத்த கில்மீஸ்டரும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். குடிசைக் காவலாளியான கைதி ஜார்ஜ் ஆண்டர்சன் பின்னர் நீதிமன்றத்தில் சொன்ன சாட்சியத்தில் ஒரு சிறு செய்தி இருக்கிறது: கட்டும்போதே இரண்டு சிறுவர்கள் ஓடைக்குள் குதித்துத் தப்பினார்கள்; அந்த இடத்தில் தண்ணீர் இல்லை. வறண்டு கிடந்த படுகையும் உயர்ந்த கரையும் அந்த இருவரையும் மறைத்தன. கொண்டு செல்லப்பட்டவர்களில் குறைந்தது 28 பேர் மேட்டுச் சரிவில் வாளால் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். குடிசையில் இருந்த ஆண்டர்சனின் காதில் இரண்டே வெடிச்சத்தங்கள் விழுந்தன. பிறகு உடல்களை எரித்தார்கள்.

திரும்பிவந்த ஹாப்ஸ் எரிந்த எச்சங்களைப் பார்த்தார். மறைக்காமல் புகார் செய்தார். ஆளுநர் ஜார்ஜ் கிப்ஸ் விசாரணைக்கு உத்தரவிட, நீதவான் எட்வர்ட் டென்னி டே கொலையில் ஈடுபட்ட பன்னிருவரில் பதினொருவரைக் கைது செய்தார். தப்பியவர் ஜான் ஃபிளெமிங். அவர் மட்டுமே சுதந்திரமாகப் பிறந்த குடியானவர், மற்றவர்கள் கைதிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். மந்தை முதலாளிகள் பணம் திரட்டி வழக்கறிஞர்களை அமர்த்தினார்கள். நடந்ததை அறிந்த டேவி என்ற பூர்வகுடிப் பணியாளர் கிறித்தவ முறைப்படி சத்தியம் செய்ய முடியாதவர் என்பதால் அவரது வாய்மொழியைச் சட்டம் ஏற்கவில்லை. முதல் வழக்கில் நவம்பர் 15 அன்று ஜூரிகள் சில நிமிடங்களில் எல்லோரையும் விடுவித்தார்கள். அரசு வழக்கறிஞர் ஜான் ஹியூபர்ட் பிளங்கெட் விடவில்லை. ஒரு குழந்தையின் கொலைக்காக எழுவர்மீது மீண்டும் வழக்குத் தொடுத்தார். அந்த எழுவரும் டிசம்பர் 18 அன்று சிட்னியில் தூக்கிலிடப்பட்டார்கள். பிளங்கெட்டின் உறுதியை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனாலும், ஆயுள் கைதியான ஆண்டர்சன் தன் சகபணியாளர்களுக்கு எதிராகக் கூண்டில் ஏறியதுதான் என் கண்ணுக்கு இன்னும் பெரிய துணிவு.

எல்லையில் கொலைகள் அத்தோடு நிற்கவில்லை. வெளியே தெரியாமல் நடந்தன. ஓடைக் கரையிலோ நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு கல்வெட்டும் இல்லை. 2000 ஜூன் 10 அன்று, அந்த மேட்டில் நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. செம்மண் நிறச் சரளைப் பாதையில் ஏழு கருங்கற்கள். அவற்றின் பலகைகளில் நடந்தவை ஆங்கிலத்திலும் கமிலராய் மொழியிலும் பொறிக்கப்பட்டுள்ளன. கொல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல்களும் கொன்றவர்களின் வழித்தோன்றல்களும் அந்த விழாவுக்குச் சேர்ந்தே வந்தார்கள். 2008இல் அந்த இடம் தேசிய மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாத நீண்ட வார இறுதியில், ஞாயிற்றுக்கிழமை காலையில், மக்கள் அங்கே கூடி அந்தப் பாதையில் கல் கல்லாக நின்று வாசித்தபடி, கடைசியில் இருக்கும் பெரிய பாறை வரை நடக்கிறார்கள்.