பெசோவும் ரெயாலும்: ஒன்றுக்கு ஒன்று எனத் தொடங்கிய கணக்கு

(திரையில்: தென் அமெரிக்க நிலப்படம். பிரேசிலும் அர்ஜென்டினாவும் மட்டும் வண்ணத்தில். கீழே: 1994 ஜூலை 1)

1994ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் பிரேசில் தன் புதிய நாணயமான ரெயாலைப் புழக்கத்துக்கு விட்டபோது, ஒரு ரெயாலின் மதிப்பு ஒரு அமெரிக்க டாலராக இருந்தது. அண்டை நாடான அர்ஜென்டினாவிலும் ஒரு டாலருக்கு ஒரு பெசோதான். எனவே அன்று ஒரு பெசோவும் ஒரு ரெயாலும் சமம். 2023 டிசம்பர் நடுவில், அதே ஒரு ரெயாலுக்கு 160க்கும் மேற்பட்ட பெசோக்களை எண்ணி வைக்க வேண்டியிருந்தது.

1994க்கு முந்தைய எண்களை இந்த விகிதத்தைக் காட்டும் கோட்டு வரைபடத்தில் நாம் சேர்க்கவில்லை. இரு நாடுகளும் கடும் பணவீக்கத்தால் நாணயத்தின் பெயரையே அடிக்கடி மாற்றிக்கொண்டிருந்த காலம் அது. அர்ஜென்டினா 1970 முதல் 1992 வரை நான்கு முறை நாணயத்தை மாற்றி, மொத்தம் 13 சுழியங்களை நீக்கியது. பிரேசிலிலோ ரெயால் வந்த நாளில், குருசெய்ரோ ரெயால் என்ற பழைய நாணயம் 2,750க்கு ஒரு புதிய ரெயால் கொடுத்தார்கள். பழைய அட்டவணை எதையேனும் பார்க்க நேர்ந்தால், எண்ணைப் படிக்கும் முன் அது எந்தப் பெயருடைய நாணயத்தைக் குறிக்கிறது என்று பாருங்கள்.

(திரையில்: மூன்று வட்டங்கள். பெசோ, டாலர், ரெயால். டாலர் நடுவில்)

பெசோவுக்கும் ரெயாலுக்கும் இடையிலான விகிதம் பெரும்பாலும் நேரடிச் சந்தையில் பிறப்பதில்லை. ஒரு டாலருக்கு எத்தனை பெசோ, எத்தனை ரெயால் என்ற இரண்டு எண்களை எடுத்து, ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பெறும் குறுக்கு விகிதம் இது. ஆகவே விகிதம் நகரும்போது, நகர்ந்தது பெசோவா ரெயாலா என்று ஒவ்வொரு முறையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்காமல் 1999 முதல் 2002 வரையிலான ஆண்டுகளைப் புரிந்துகொள்ள முடியாது.

அர்ஜென்டினாவில் அதிபர் கார்லோஸ் மெனெமின் ஆட்சியில், பொருளாதார அமைச்சர் தொமிங்கோ கவாயோ கொண்டுவந்த மாற்றுறுதிச் சட்டம் 1991 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. மைய வங்கி வெளியிடும் உள்நாட்டுப் பணத்துக்கு ஈடாக அந்நியச் செலாவணிக் கையிருப்பு இருக்க வேண்டும் என்றும், கேட்பவருக்கு நிலையான விலையில் டாலர் தர வேண்டும் என்றும் அது விதித்தது. பணவீக்கம் அடங்கியது. ஆனால் பெசோவின் விலையைத் தேவைக்கேற்ப மாற்றும் வழியும் அதோடு அடைபட்டது. பிரேசில் இவ்வளவு இறுக்கமாகத் தன்னைக் கட்டிக்கொள்ளவில்லை. 1995 முதல் ரெயாலை ஒரு வரம்புக்குள் சிறுகச் சிறுக இறங்க விட்டது.

(திரையில்: 1999 ஜனவரி. கோடு சட்டென்று மேலே ஏறுகிறது)

ஆசிய, ரஷ்ய நெருக்கடிகளைத் தொடர்ந்து முதலீட்டாளர்கள் பிரேசிலிலிருந்து டாலரை எடுத்துச் செல்ல, 1999 ஜனவரி நடுவில் அந்நாட்டு மைய வங்கி ரெயாலைச் சந்தையின் போக்கில் விட்டது. அதற்குச் சற்று முன் 1.21 ரெயாலாக இருந்த டாலர், சில வாரங்களில் 2 ரெயாலைத் தாண்டியது. பெசோ டாலரோடு கட்டப்பட்டிருந்ததால் அதுவும் கூடவே ஏறியது. அர்ஜென்டினத் தொழிற்சாலை ஒன்று 100 பெசோ விலை வைத்த பொருளை 121 ரெயாலுக்கு வாங்கிக்கொண்டிருந்த பிரேசில் வணிகர், அதே பொருளுக்கு இப்போது 200 ரெயாலுக்கு மேல் தர வேண்டியிருந்தது. அர்ஜென்டினாவின் ஏற்றுமதியில் ஏறத்தாழ 30 விழுக்காட்டை வாங்கிய நாடு பிரேசில் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இந்த எண் எத்தனை பேருடைய வேலையைத் தொட்டது என்பது விளங்கும்.

இதில் நாம் நின்று கவனிக்க வேண்டிய புள்ளி 2001 செப்டம்பர். அந்த மாதம் ஒரு பெசோவுக்கு ஏறத்தாழ 2.80 ரெயால் கிடைத்தது. வரைபடத்தில் பெசோ உச்சத்தில் நிற்கிறது. நாட்டிலோ வேலையின்மை பெருகியிருந்தது, வங்கிகளிலிருந்து மக்கள் பணத்தை எடுத்துக்கொண்டிருந்தார்கள், அரசு கடனைத் தீர்க்க வழியின்றித் தவித்தது. அந்த உயரத்தைப் பெசோவின் வலிமை என்று படிப்பது பெரும் பிழை. சட்டம் பெசோவை அசைய விடவில்லை, ரெயால் கீழே போனது. உச்சம் அப்படி உண்டானதுதான்.

டிசம்பர் தொடக்கத்தில் வங்கிக் கணக்குகளிலிருந்து பணம் எடுப்பதற்குக் கட்டுப்பாடு வந்தது. மக்கள் அதைக் கொர்ராலித்தோ, அதாவது சிறு பட்டி, என்று அழைத்தார்கள். டிசம்பர் 20 அன்று அதிபர் தெ லா ருவா பதவி விலகினார். 2002 ஜனவரியில் மாற்றுறுதி முடிவுக்கு வந்தது. ஜூன் மாதத்தில் டாலர் 3.80 பெசோவை நெருங்கியபோது, ஒரு பெசோவுக்கு முக்கால் ரெயால் அளவே கிடைத்தது. ஒன்பது மாதங்களில் 2.80இலிருந்து 0.75 சுற்றளவுக்கு வந்த வீழ்ச்சி இது. அதே ஆண்டு அக்டோபரில், பிரேசில் அதிபர் தேர்தலில் இடதுசாரி வேட்பாளர் லூலா வெற்றி பெறுவார் என்ற அச்சத்தில் ரெயாலும் டாலருக்கு 4ஐ நெருங்கிச் சரிந்ததால், இரண்டு நாணயங்களும் சிறிது காலம் மீண்டும் ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்று என நின்றன.

அடுத்த சில ஆண்டுகளில் மூலப்பொருள் விலையேற்றத்தால் ரெயால் வலுவடைய, 2008 ஆகஸ்டு அளவில் ஒரு ரெயால் இரண்டு பெசோவை நெருங்கியது.

(திரையில்: ஒரே கோடு இரண்டாகப் பிரிகிறது)

2011 அக்டோபர் இறுதியில் அர்ஜென்டின அரசு டாலர் வாங்குவதைக் கட்டுப்படுத்தியது. அங்குள்ளவர்கள் அதைச் செப்போ என்பார்கள். கட்டுப்பாடு வந்ததும், "நீல டாலர்" எனப்படும் தெருச் சந்தை விலை அதிகாரப்பூர்வ விலையை விட்டு விலகியது. 2015 டிசம்பரில் செப்போ நீக்கப்பட்டு, 2019 செப்டம்பரில் மீண்டும் வந்தது. இந்த ஆண்டுகளுக்கு ஒரே ஒரு விகிதத்தைச் சொல்லும் அட்டவணை பாதி உண்மையைத்தான் சொல்கிறது. எல்லை தாண்டி அர்ஜென்டின எல்லை நகரமான புவேர்த்தோ இகுவாசுக்குப் பொருள் வாங்க வந்த பிரேசிலியரின் கையில் இருந்த ரெயாலுக்குக் கடைத்தெருவில் ஒரு மதிப்பு, அதிகாரப்பூர்வக் கணக்கில் வேறொரு மதிப்பு.

2023 டிசம்பர் 13 அன்று, புதிய அதிபர் மிலேயின் அரசு அதிகாரப்பூர்வ விலையை டாலருக்குச் சுமார் 366 பெசோவிலிருந்து 800க்கு உயர்த்தியது. ஒரே இரவில் ஒரு ரெயாலின் விலை சுமார் 74 பெசோவிலிருந்து 160ஐத் தாண்டியது. இங்கே நகர்ந்தது பெசோ மட்டுமே. ரெயால் டாலருக்கு 5ஐ ஒட்டி, ஏறக்குறைய முந்தைய நாள் இருந்த இடத்திலேயே இருந்தது.