தவளை மீன்: 75 லிட்டர் தொட்டியில் வளர்ப்பது எப்படி

(காட்சி: தொட்டி, மிக நெருக்கத்தில்)

மஞ்சள் பஞ்சு ஒட்டின கல்லு மாதிரி தெரியுதே, அதோட நெற்றியைப் பாருங்க. மெல்லிய தண்டு, நுனியில சின்ன சதைத் துணுக்கு. இரை நெளியுற மாதிரியே ஆட்டுது. இதான் தவளை மீன், கடல் மீன். நாள் முழுக்க ஒரே இடத்துல உட்கார்ந்திருக்கும். நகரணும்னா மார்புத் துடுப்பைக் கால் மாதிரி ஊன்றி நடக்கும்.

உடம்புல மரு மாதிரி புடைப்பு உள்ள இனம் சுமார் 10 சென்டிமீட்டர் நீளத்துலதான் நிக்கும். அதுக்கு 75 லிட்டர் போதும். 30 சென்டிமீட்டரைத் தாண்டுற இனமும் இருக்கு. குட்டியில வித்தியாசம் தெரியாது, கேட்டு வாங்குங்க.

(காட்சி: வெப்பமானி)

பினாங்குல முதல் பிரச்சனை சூடு. இந்த மீனுக்கு 24 முதல் 27 டிகிரி வேணும். மத்தியானம் நம்ம வீட்டு ஹால் 30ஐத் தாண்டிடும். தண்ணியைக் குளிர்விக்கிற சில்லர் இருந்தா நல்லது. விசிறி வச்சா ரெண்டு மூணு டிகிரி இறங்கும், ஆனா தண்ணி ஆவியாகும், உப்பு அங்கேயே நிக்கும். குறைஞ்ச அளவுக்கு உப்பில்லாத ஆர்ஓ தண்ணி மட்டும் ஊத்துங்க. உப்புத் தண்ணியோட ஒப்படர்த்தி (நல்ல தண்ணியை 1ன்னு வச்சா) 1.025லேயே நிக்கணும்.

மீன் வாங்குறதுக்கு முன்னாடி தொட்டியை 4 முதல் 6 வாரம் ஓட்டி, மீனுக்கு விஷமான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் ஆகட்டும். ஃபில்டர் உறிஞ்சுற வாயில பஞ்சு மாட்டுங்க. வேற மீன் சேர்க்கவே கூடாது; வாய் திறந்து இரையை உறிஞ்ச அதுக்கு சுமார் 6 மில்லி விநாடிதான், தன்னளவு மீனையும் விழுங்கிடும்.

(காட்சி: தீனிக் குச்சி)

எப்பவும் பசிக்கிற மாதிரிதான் அந்த நெற்றித் தூண்டிலை ஆட்டும். இரக்கப்பட்டு தினமும் போட்டுடாதீங்க. வாரம் ரெண்டு மூணு தடவை, அதோட நீளத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல போகாத தீனி. பெரிய இரை வயித்துலேயே அழுகினா மீன் செத்துடும். முதல்ல தூண்டில் கடையில கிடைக்கிற உயிர் இறால். அது பழகினதும் உருக்கின உறைஞ்ச இறாலைக் குச்சி நுனியில செருகி, முகத்துக்கு முன்னாடி மெதுவா ஆட்டுங்க. தங்கமீன் வேண்டாம், அதுல இருக்கிற தயாமினேஸ் வைட்டமின் பி1ஐ அழிக்கும்.

வயிறு நிறைஞ்ச மறுநாள் அம்மோனியா சோதிங்க. வாரம் 15 லிட்டர் மாத்தணும். அதுக்கு சுமார் 550 கிராம் கடல் உப்பு.

இன்னொண்ணு, வலையில தூக்கவே தூக்காதீங்க. காத்தை விழுங்கிட்டா தலைகீழா மிதக்கும், சில சமயம் பிழைக்காது. கப்பைத் தண்ணிக்குள்ளேயே வச்சு, பின்பக்கமா மெல்லத் தட்டி உள்ளே ஏத்துங்க. புது இடத்துல கப்பை முழுக்க முக்கிச் சாய்ச்சு வச்சிடுங்க. அதுவா நடந்து வெளியே வரும்.