51 அங்குலம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சனிக்கிழமை வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டுப் பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் எளிய மக்களைப் படமெடுத்தவர்கள் அவர்களுக்காகச் சாட்சி சொன்னார்களா, அவர்களை வைத்துப் பெயர் சம்பாதித்தார்களா? இதுதான் இன்றைய வழக்கு. சாட்சி சொன்னார்கள் என்பது எங்கள் அணி. எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி ஒரே ஒரு படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு இந்த அரங்கத்தையே கலங்கவைத்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்கும் கண் கலங்கியது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1936 மார்ச். கலிஃபோர்னியாவில் நிபோமோ என்ற ஊர். பட்டாணி பறிக்க வந்த கூலிக் குடும்பங்களின் முகாம். பனி கொட்டிப் பயிர் அழிந்துபோய், செய்ய வேலை இல்லை. அந்தப் பக்கமாகக் காரில் போன புகைப்படக்காரர் டோரத்தியா லாங் முகாமைத் தாண்டி 20 மைல் போய்விட்டு, மனசு கேட்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். கூடாரத்தில் 32 வயதுத் தாய் ஒருத்தி. தோளில் முகம் புதைத்த இரண்டு பிள்ளைகள், மடியில் கைக்குழந்தை. படம் பத்திரிகையில் வந்ததும் அரசு 20,000 பவுண்டு உணவை முகாமுக்கு அனுப்பியது. அது வந்து சேர்வதற்குள் அந்தக் குடும்பம் வேறு ஊருக்குப் பிழைப்புத் தேடிப் போய்விட்டது. ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற அந்தப் பெண்மணியின் பெயர் உலகத்துக்குத் தெரியவே 1978 ஆயிற்று. என் பெயரைக்கூட அவர் கேட்கவில்லை, ஒரு பிரதி அனுப்புகிறேன் என்றார், அனுப்பவில்லை, எனக்கு ஒரு காசு வந்ததில்லை என்று அந்த அம்மா மனம் நொந்து சொன்னார்.

சகோதரி சொன்னது அத்தனையும் உண்மை. பெயர் கேட்காதது தப்பு. பிரதி அனுப்பாதது தப்பு. இதற்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஆனால் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டாரே, அதைத்தான் கேட்கிறேன். லாங் அம்மையார் அரசிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு எடுத்த படம் அது. படம் அரசின் சொத்து. அதை அச்சடித்தவர்களிடமிருந்து ராயல்டி என்று அவருக்கும் எதுவும் வரவில்லை. 1983இல் தாம்சன் அம்மா நோயில் படுத்து, மருத்துவச் செலவுக்கு வழியில்லாமல் பிள்ளைகள் கைநீட்டியபோது, நாடு முழுக்க முன்பின் தெரியாதவர்கள் கடிதமும் பணமும் அனுப்பினார்கள். 25,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. அதுவரை அந்தப் படத்தை ஒரு சாபக்கேடாக நினைத்திருந்த பிள்ளைகள், அந்தக் கடிதங்களைப் படித்த பிறகு பெருமையாக உணர்ந்ததாக அவர் மகனே சொன்னார். 47 வருஷத்துக்கு முன் எடுத்த ஒரு படத்தைப் பார்த்த பழக்கம்தானே அத்தனை பேரையும் அந்த அம்மாவை நினைக்க வைத்தது? கடன் தாமதமாகத்தான் திரும்பியது. தாமதம் கொடுமை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இனி எங்கள் பக்கத்துச் சாட்சிகள்.

எங்கள் வீட்டுச் சமையலறை வாசலில் ஒரு நிலை இருக்கிறது. என் மகளின் உயரத்தை வருஷா வருஷம் பென்சிலால் அதில் கோடு போட்டு வைத்திருக்கிறோம். போன மாதம் இந்தப் பேச்சுக்காகப் படித்துக்கொண்டிருந்தபோது டேப்பை எடுத்து அந்த நிலையில் 51 அங்குலம் எங்கே வருகிறது என்று அளந்தேன். அவளுடைய எட்டு வயதுக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்தது. நான்கடி மூன்றங்குலம்.

அந்த 51 அங்குலம் லூயிஸ் ஹைன் எழுதி வைத்த கணக்கு. ஹைன் பள்ளி ஆசிரியர். 1908இல் குழந்தைத் தொழிலை எதிர்த்த தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழு அவரைப் படமெடுக்க ஊர் ஊராக அனுப்பியது. ஆலை முதலாளிகள் உள்ளே விடுவார்களா? பைபிள் விற்கிறேன், தபால் அட்டை விற்கிறேன், இயந்திரத்தைப் படமெடுக்க வந்திருக்கிறேன் என்று ஏதாவது வேஷம் போட்டு உள்ளே போவார். தன் கோட்டில் ஒவ்வொரு பட்டனும் தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று அவருக்கு மனப்பாடம். பிள்ளை பக்கத்தில் வந்து நின்றால், தலை எந்தப் பட்டனுக்கு நேரே வருகிறது என்று பார்த்து உயரத்தைக் கண்டுபிடித்துவிடுவார். பையில் கைவிட்டபடியே உள்ளுக்குள் இருக்கும் தாளில் குறித்துக்கொள்வார்.

1908 டிசம்பர், வட கரோலினாவில் விட்னெல் பஞ்சாலை. ஸ்பின்னிங்கில் ஒரு சிறுமி. அந்தப் படத்துக்குக் கீழே அவர் எழுதியதைக் கேளுங்கள். உயரம் 51 அங்குலம். ஒரு வருஷமாக மில்லில் இருக்கிறாள். சில நாள் ராத்திரி வேலையும் உண்டு. நாலு சைடு பார்க்கிறாள், நாளுக்கு 48 சென்ட். வயசு என்ன என்று கேட்டதற்குத் தயங்கி, ‘ஞாபகம் இல்லை’ என்றாள். அப்புறம் ரகசியமாக, ‘வேலை செய்கிற வயசு எனக்கு இல்லை, ஆனாலும் செய்கிறேன்’ என்றாள்.

கோவைப் பக்கத்தில் மில் வாசலைப் பார்த்து வளர்ந்தவன் நான். நாலு சைடு பார்ப்பது, அதாவது நூற்பு இயந்திரங்களின் நாலு பக்கத்தைக் கவனிப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நடந்துகொண்டே இருக்க வேண்டும். இழை அறுந்த இடத்தைக் கண்ணால் பிடித்து, அறுந்ததை மறுபடி இணைத்துக்கொண்டே போக வேண்டும். பஞ்சுத் தூசி மூக்கிலும் தொண்டையிலும் போகும். பெரியவர்களே ஷிப்ட் முடிந்தால் கால் கடுத்து உட்கார்ந்துவிடுவார்கள். அதை 51 அங்குலப் பிள்ளை ராத்திரியில் செய்கிறாள்.

நடுவர் அவர்களே, அந்தப் பிள்ளை அந்த ரகசியத்தை மேஸ்திரியிடம் சொன்னாளா? முதலாளியிடம் சொன்னாளா? கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தவரிடம் சொன்னாள். வெளியே போய்ச் சொல்லக்கூடிய ஆள் இவர் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவரும் ஒரு சொல் மாற்றாமல் எழுதி வைத்தார். இப்படி 5,000க்கும் மேற்பட்ட படங்கள் இன்றும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. 1916இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. இரண்டே வருஷத்தில் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. கடைசியில் 1938இல்தான் நிலையான சட்டம் வந்தது. படம் ஒன்றே அதைக் கொண்டுவந்தது என்று நான் சொல்ல மாட்டேன். போராடியவர்கள் பலர். ஆனால் பிள்ளைகள் ஆலையில் சுகமாகத்தான் இருக்கிறார்கள் என்று அதற்கப்புறம் யாரும் துணிந்து சொல்ல முடியவில்லை. பெயர் சம்பாதித்தார் என்கிறீர்களே, அந்த ஹைன் 1940இல் வறுமையில் செத்தார்.

மறுபடி லாங் அம்மையாரிடம் வருகிறேன், ஏனென்றால் எதிரணி அவரை நிபோமோவிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டது. 1942இல் அவர் என்ன செய்தார் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தை ஜப்பான் தாக்கியது 1941 டிசம்பர் 7. மறுநாளே ஓக்லாந்தில் கடை வைத்திருந்த ஓர் இளைஞர், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் படித்த பட்டதாரி, கடை முகப்பில் பெரிய பலகை ஒன்றைக் கட்டினார்: ‘நான் ஓர் அமெரிக்கன்.’ அவருடைய பெற்றோர் வழி ஜப்பான். 1942 பிப்ரவரி 19இல் அதிபர் ரூஸ்வெல்ட் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். ஏறக்குறைய 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை, அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள், வீடு வாசலை விட்டுக் கிளப்பி முள்வேலிக்குள் அடைத்தார்கள். எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று காட்டுவதற்காக அரசே லாங்கைப் படமெடுக்க அமர்த்தியது. வேலியை எடுக்காதே, காவல் கோபுரத்தை எடுக்காதே, துப்பாக்கியை எடுக்காதே என்று கட்டளை வேறு.

அவர் என்ன எடுத்தார்? அந்தக் கடையின் பலகையை எடுத்தார். நல்ல உடுப்பு உடுத்தி, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளை எடுத்தார். அந்தப் படத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். ஒவ்வொரு குழந்தையின் கோட்டிலும் நூல் கட்டிய ஒரு சீட்டுத் தொங்கும், குடும்ப எண் எழுதியது. பக்கத்தில் இருக்கும் மூட்டையிலும் அதே மாதிரிச் சீட்டு. வேலியைக் காட்டாமலேயே வேலியைச் சொல்லிவிட்டார்.

சுமார் 800 படங்கள். ராணுவம் பார்த்தது, பயந்தது, போர் முடியும்வரை முடக்கி வைத்தது. பிறகு சத்தமில்லாமல் தேசிய ஆவணக் காப்பகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். லாங் 1965இல் இறந்துவிட்டார். 1972இல் ஒரு கண்காட்சியில்தான் மக்கள் அவற்றைப் பரவலாகப் பார்த்தார்கள். 1988இல் அமெரிக்கா சட்டம் போட்டு மன்னிப்புக் கேட்டது, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் ஈடு கொடுத்தது. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன அரசுக்கு எதிராகவே சாட்சி சொன்ன படங்கள் இவை. யாருடைய பெயருக்காக எடுத்தார் இதை? அவர் உயிரோடு இருந்தவரை பெரும்பாலானவை வெளியே வரவே இல்லையே!

அடைபட்டவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். மான்சனார் முகாமில் டோயோ மியாடகே என்று ஒருவர். லாஸ் ஏஞ்சலிஸில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். கைதிகளுக்குக் கேமரா கூடாது. அவர் ஒரு லென்ஸை ஒளித்து உள்ளே கொண்டுபோனார். மரத்தில் ஒரு பெட்டி செய்து, லென்ஸைப் பொருத்தி, படமெடுத்தார். இதைப் பதிவுசெய்வது என் கடமை என்று மகனிடம் சொன்னார். சுரண்டல் என்று நீங்கள் சொல்லும் அந்தக் காரியத்தை, வேலிக்குள் இருந்தவரே மரப்பெட்டி செய்தாவது செய்துகொண்டார்.

வெளியாள் வந்து ஏழ்மையைப் படம்பிடித்துக்கொண்டு போகிறான் என்பது எதிரணியின் அடுத்த வாதம். பென்சில்வேனியாவில் பிராடக் என்றொரு ஊர். தொழிலதிபர் கார்னகியின் முதல் எஃகு ஆலை 1875இல் அங்கேதான் வந்தது. வேலைகள் குறைந்து ஊர் தேய்ந்து, 2010இல் ஆஸ்பத்திரியும் மூடப்பட்டது. அந்த ஊரில் 1982இல் பிறந்த லடோயா ரூபி ஃபிரேசியர் தன் பாட்டியை, தன் அம்மாவை, நோய்ப்பட்ட தன் உடம்பையே படமெடுத்தார். அம்மாவும் கேமராவை வாங்கி மகளை எடுத்தார். அதே 2010இல் ஒரு ஜீன்ஸ் நிறுவனம் அந்த ஊரைப் பின்னணியாக வைத்து விளம்பரம் எடுத்தது, ஏதோ புது பூமி பிறக்கப் போவதுபோல. ஃபிரேசியர் அதே ஜீன்ஸை மாட்டிக்கொண்டு நியூயார்க்கில் நடைபாதையில் உடம்பைப் போட்டுத் தேய்த்தார், துணி கிழிகிறவரை. பயன்படுத்திக்கொள்வது எது, சாட்சி சொல்வது எது என்று அந்த நடைபாதையில் நின்று பார்த்தவர்களுக்கு விளங்கியிருக்கும். பின்னாளில் மிஷிகனில் ஃபிளின்ட் நகரத்துக் குழாய்த் தண்ணீரில் ஈயம் கலந்தபோது அங்கே மாதக்கணக்கில் ஒரு குடும்பத்தோடு இருந்து எடுத்தார். அந்தப் படங்களால் கிடைத்த பணத்தில், காற்றிலிருந்து குடிதண்ணீர் எடுக்கும் இயந்திரம் ஒன்று அந்த ஊருக்கு வர வழிசெய்தார். பிரதி கொடுக்காத கதையைச் சொன்னீர்கள். பஃபலோவில் மில்டன் ரோகோவின் என்ற கண் பரிசோதகர் கேட்டுக்கொண்டு படமெடுத்தார், பிரதி கொடுத்தார், 30 வருஷம் அதே வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போனார். இவர்களையும் சேர்த்துத்தானே தீர்ப்பு?

இன்னும் இரண்டு பேரைச் சொல்லிவிட்டு அமர்கிறேன்.

1955 ஆகஸ்ட். சிகாகோவிலிருந்து மிசிசிப்பிக்கு உறவினர் வீட்டுக்குப் போன 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில்லை வெள்ளையர்கள் அடித்துக் கொன்று ஆற்றில் போட்டார்கள். பெட்டியைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு உடம்பு சிகாகோ வந்தது. தாய் மேமி டில் திறக்கச் சொன்னார். முகத்தைச் சீர்செய்யட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார். என் பிள்ளைக்கு என்ன செய்தார்கள் என்று ஜனங்கள் பார்க்கட்டும் என்றார். ‘ஜெட்’ பத்திரிகையின் டேவிட் ஜாக்சன் எடுத்தார். கொன்றவர்களை வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி விடுதலை செய்தது. அந்தப் படத்தை யாராலும் விடுதலை செய்ய முடியவில்லை. நடுவர் அவர்களே, பெற்ற வயிறு கேட்டு வாங்கிய படம் அது. அந்தத் தாயிடம் போய் இது சுரண்டல் என்று நம்மால் சொல்ல முடியுமா?

அடுத்தவர் கார்க்கி லீ. நியூயார்க் குவீன்ஸில் லாண்டரி நடத்திய சீனக் குடும்பத்துப் பிள்ளை. பள்ளிப் பாடப் புத்தகத்தில் ஒரு படம் பார்த்தார். 1869 மே 10, யூட்டாவில் புரொமண்டரி சம்மிட் என்ற இடம், கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த ரயில் பாதைகள் சேர்ந்த நாள். இரண்டு எஞ்சின்கள் முகத்தோடு முகம் நிற்கின்றன, மேலே ஏறி நின்று மனிதர்கள் பாட்டிலை நீட்டுகிறார்கள். மேற்குப் பாதைக்காகச் சியரா நெவாடா மலையைக் குடைந்தவர்கள் 10,000க்கும் மேற்பட்ட சீனத் தொழிலாளிகள் என்று அதே பாடம் சொன்னது. சிறுவன் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினான். ஒரு சீன முகம்கூட அவனுக்குக் கிடைக்கவில்லை.

ஐம்பது வருஷம் அவர் கேமராவோடு சுற்றினார். சைனாடவுன் தெருக்கள், ஊர்வலங்கள், போலீஸ் அடித்து ரத்தம் ஒழுக நின்ற ஆள், தையல் கூடத்துப் பெண்கள். 2021இல் கோவிட் அவரைக் கொண்டுபோனது. அதற்கு முன், 2014 மே 10 அன்று, அந்த ரயில் பாதை சேர்ந்து 145 வருஷம் ஆன நாளில், பாறையை வெடித்துத் தண்டவாளம் போட்ட தொழிலாளிகளின் கொள்ளுப் பேரன் பேத்திகளையும் மற்ற ஆசிய அமெரிக்கர்களையும் அதே இடத்துக்கு அழைத்தார். வந்தார்கள். கிழவிகள் வந்தார்கள், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதே மாதிரி இரண்டு எஞ்சின்கள், அவற்றுக்கு முன்னால் இவர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். 1869இல் விட்டுப்போனவர்களின் இடத்தில் நின்று, லீ விரலை அழுத்துவதற்காகக் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நன்றி, வணக்கம்.