கென்னட் ஆற்றில் பூச்சிகள் மறைந்தபோது

அவையோருக்கு வணக்கம். ஓர் ஆற்றின் நலத்தை அறிய அதன் நீரைப் பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புவதே நாம் அறிந்த வழி. அது வேண்டிய சோதனைதான். ஆனால் பாட்டிலை அமிழ்த்திய வேளையில் ஓடிய நீரைப் பற்றி மட்டுமே அது சொல்லும். முந்தின இரவு கலந்த நஞ்சு அதற்குள் கடலை நோக்கிப் போயிருக்கும். கல்லின் அடியில் மாதக்கணக்கில் வாழும், மே ஈ, கல் ஈ, காடிஸ் ஈ என்னும் ஆற்றுப் பூச்சிகளின் இறக்கை முளைக்காத இளம்பூச்சிகளோ அங்கிருந்து எங்கும் போக இயலாமல், வந்ததையெல்லாம் தம் உடலில் ஏற்றுக்கொண்டவை.

2013 ஜூலையில் இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்கிறேன். தேம்ஸ் ஆற்றின் துணையாறான கென்னட், சுண்ணப் பாறை ஊற்றுகளில் பிறந்து தெளிந்து ஓடுவது. அதன் கரையில் மீன்பிடிப்போரும் ஊர்க்காரர்களுமான தன்னார்வலர்கள், ஆற்றின் அடியைக் காலால் கிளறி, மிதந்து வரும் உயிர்களை வலையில் பிடித்து, வகைவகையாக எண்ணிக் குறித்து வந்தார்கள். மார்ல்பரோ நகரைத் தாண்டி ஆறு ஓடும் பகுதியில் அன்று வலையில் அநேகமாக எதுவும் இல்லை. நீர் தெளிவாகவே இருந்தது, மீன்களும் நீந்திக்கொண்டிருந்தன. அவர்கள் தகவல் கொடுத்த பிறகு நடந்த ஆய்வில் குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கண்டறியப்பட்டது. நம் ஊர்களில் கரையானுக்கு அடிக்கும் அதே மருந்துதான். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் வழியாக ஆற்றில் கலந்த அதன் மிகச் சிறிய அளவு, ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தூரத்துக்குப் பூச்சிகளையும் நன்னீர் இறாலினங்களையும் அழித்திருந்தது.

முன்பே எண்ணி வைத்த கணக்கு இருந்ததால்தான் இழப்பு கண்ணில் பட்டது என்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். கணக்கே இல்லாத ஆற்றில் பூச்சிகள் அற்றுப்போனால் யாருக்குத் தெரியும்?

ஆற்றைக் காப்பதற்கான வழியையும் இந்த உயிர்களின் வாழ்க்கையே காட்டுகிறது. இறக்கை முளைத்த பூச்சிகள் ஆற்றின் மேற்பகுதியிலிருந்து பறந்து வந்து முட்டையிட்டால் அழிந்த இடம் மீண்டும் நிறையும். பறக்க முடியாத இறாலினங்கள் நீரோடு வந்து சேர வேண்டும். ஆகவே ஆறு கெட்ட இடத்தை மட்டும் சீர்செய்தால் போதாது. மேலே உள்ள ஓடைகள் தூய்மையாக இருக்க வேண்டும். கூழாங்கற்களின் இடுக்குகளை வண்டல் அடைக்காதிருக்க வேண்டும். வெளிவந்த பூச்சிகள் அமரக் கரையோரச் செடிகொடிகளை வெட்டாமல் விட வேண்டும்.