உங்க வெப்சைட் யார் பேர்ல இருக்கு? இப்பவே பாருங்க!

1999 டிசம்பர், கிறிஸ்துமஸ் நேரம். உலகம் முழுக்க நிறைய பேரால ஹாட்மெயிலுக்குள்ள, அதான் மைக்ரோசாஃப்ட்டோட மெயில் சேவைக்குள்ள, போகவே முடியல. யாரும் ஹேக் பண்ணல, சர்வரும் எரியல. லாகின் பக்கம் ஓடிட்டிருந்த பாஸ்போர்ட் டாட் காம்ங்கிற பேரை, மைக்ரோசாஃப்ட் புதுப்பிக்க மறந்துடுச்சு! கடைசியில பணம் கட்டினது யாரு தெரியுமா? மைக்ரோசாஃப்ட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு புரோகிராமர், சொந்தக் காசுல. அதுவும் மைக்ரோசாஃப்ட்டோட விண்டோஸுக்குப் போட்டியான லினக்ஸ்காரர்! இதைச் சொல்றப்பல்லாம் எனக்குச் சிரிப்பை அடக்க முடியறதில்ல.

வணக்கம் மக்களே! சின்ன பிசினஸ் வெப்சைட் பத்தி ஊர்ப்பட்ட தப்பான நம்பிக்கை சுத்திட்டிருக்கு. நாலஞ்சு பார்க்கலாம்னு உட்கார்ந்தேன். ஆனா முதல் விஷயத்துலயே பாதி வீடியோ போயிடும்னு இப்பவே சொல்லிடறேன்.

"காசு குடுத்து டொமைன், அதாவது வெப்சைட் முகவரிப் பேர், வாங்கிட்டேன், அது என்னது." இல்லைங்க. டாட் காம் மாதிரி பேர்களை யாரும் மொத்தமா வாங்கவே முடியாது. குத்தகைதான். ஒரே நேரத்துல அதிகபட்சம் 10 வருஷத்துக்குத்தான் எடுக்க முடியும்.

[திரையில்: சிம் கார்டு படம்]

டொமைனை ஒரு சிம் கார்டா நினைச்சுக்கங்க. விசிட்டிங் கார்டு, பலகை, பில்லுன்னு எல்லாத்துலயும் அந்த நம்பரை அடிச்சாச்சு. ஆனா சிம் இருக்கிறது உங்க பேர்ல இல்ல, வெப்சைட் செஞ்சு குடுத்தவர் பேர்ல. அவர் ஏமாத்துக்காரர்னு சொல்ல வரல. நல்ல மனுஷன்தான். அன்னைக்கு அவசரத்துல தன் அக்கவுண்ட்லயே ரெஜிஸ்டர் பண்ணிட்டார். நீங்களும் "எல்லாத்தையும் நீங்களே பாத்துக்கங்க"ன்னு நிம்மதியா போயிட்டீங்க. மூணு வருஷத்துல அவர் வேற வேலைக்குப் போயிட்டார், பழைய மெயிலைத் திறக்கறதே இல்ல.

இந்தப் பேர்களுக்கெல்லாம் விதிமுறை வைக்கிற அமைப்பு ஐகேன். தேதி முடியறதுக்குச் சுமார் ஒரு மாசம் முன்னாடியும், ஒரு வாரம் முன்னாடியும், பேரைப் பதிவு பண்ணிக் குடுத்த கம்பெனி நினைவூட்டல் அனுப்பியே ஆகணும்னு அவங்க விதி சொல்லுது. கரெக்டா வரும். யாருக்கு? அந்தத் திறக்காத மெயிலுக்கு!

சரி, தேதி தாண்டிடுச்சு. முதல்ல கொஞ்ச நாள் சலுகை கிடைக்கலாம், அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பேரை நீக்கிட்டாங்கன்னா அப்புறம் 30 நாள் மீட்புக் காலம், அதுல தனிக் கட்டணம் கட்ட வேண்டி வரும். அதையும் விட்டா இன்னொரு 5 நாள். அப்புறம் அந்தப் பேரை யார் வேணா எடுக்கலாம். அந்த நொடிக்காகவே சாஃப்ட்வேர் போட்டுக் காத்திருக்கிற கம்பெனிகள் இருக்கு. ஏற்கெனவே ஆள் வந்துட்டிருக்கிற முகவரி ஆச்சே, விடுவாங்களா? ஒருநாள் உங்க பழைய கஸ்டமர் உங்க முகவரியைத் தட்டினா, சூதாட்ட விளம்பரம் வந்து நிக்கும்.

இதுகூடப் பரவாயில்ல. என் தூக்கத்தைக் கெடுத்தது வேற. டொமைன் யார்கிட்ட போகுதோ, அந்தப் பேருக்கு வர்ற மெயிலையும் அவங்களே வாங்கிக்கலாம். கஸ்டமர் அனுப்புற ஆர்டர், அந்த மெயில் ஐடி வச்சு நீங்க திறந்த மத்த அக்கவுண்ட்டோட பாஸ்வேர்ட் ரீசெட் லிங்க், எல்லாம்!

மத்ததெல்லாம் ஓட்டமா பார்த்துடலாம். "ஃபேஸ்புக் பக்கம் போதும், வெப்சைட் எதுக்கு?" 2021 அக்டோபர் 4 அன்னைக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூணும் சேர்ந்து சுமார் ஆறு மணி நேரம் படுத்துச்சு. மூணுலயும் கடை வச்சிருந்தவங்களைக் கேட்டுப் பாருங்க. "பிரவுசர்ல முகவரி பக்கத்துல பூட்டுப் படம் வந்தா பாதுகாப்பான சைட்." நடுவுல யாரும் ஒட்டுக்கேட்க முடியாது, அவ்வளவுதான் அர்த்தம். மோசடி சைட்டுக்கும் பூட்டு உண்டு. ஜனங்க தப்பாப் புரிஞ்சுக்கறாங்கன்னுதான் குரோம் 2023-ல அந்தப் படத்தையே தூக்கிடுச்சு. அப்புறம் "மெட்டா கீவேர்ட் (பக்கத்தோட கோடுக்குள்ள மறைவா எழுதற தேடல் வார்த்தைகள்) போட்டுத் தர்றேன், கூகுள்ல முதல்ல வரும்"னு யாராவது காசு கேட்டா, அதைத் தரவரிசைக்கு எடுத்துக்கறதில்லைன்னு கூகுள் 2009-லயே சொல்லிடுச்சுன்னு சொல்லுங்க. மூஞ்சியைப் பார்க்கணுமே!

இப்ப வீடியோவை நிறுத்திட்டு ஒரு வேலை. ஐகேனோட லுக்அப் பக்கத்துல உங்க டொமைனைத் தட்டுங்க. பேர் மறைச்சிருக்கலாம், ஆனா எந்தக் கம்பெனியில பதிவாயிருக்கு, எப்ப முடியுதுன்னு தெரியும். அந்தக் கம்பெனி அக்கவுண்ட்டுக்குள்ள உங்களால போக முடியுதா? இல்லைன்னா செஞ்சு குடுத்தவருக்கு இன்னைக்கே போன் பண்ணுங்க, அவர் நம்பர் மாத்தறதுக்குள்ள. உள்ளே போக முடிஞ்சாலும், அங்க குடுத்திருக்கிற மெயில் ஐடி அதே டொமைன்ல இருந்தா உடனே மாத்துங்க. டொமைன் போச்சுன்னா அந்த மெயிலும் போயிடும், ரீசெட் லிங்க் வர வழியே இருக்காது. சாவியை உள்ளே வச்சுக் கதவைச் சாத்தின கதைதான்.

தேதியைப் பார்த்து நெஞ்சு பக்குனு ஆனவங்க கமெண்ட்ல வாங்க. டொமைன் பேரை மட்டும் எழுதிடாதீங்க.