பையில் இருக்கும் காசே!

நடுவர் ஐயா அவர்களே, கரும்பைக் கடித்துக்கொண்டே காதை இங்கே கொடுத்திருக்கும் தாய்மார்களே, பெரியவர்களே, எதிரணித் தம்பியே, எல்லோருக்கும் பொங்கல் வணக்கம்.

அன்றாட வாழ்க்கைக்கு நிம்மதி தருவது பையில் இருக்கும் காசா, கைப்பேசியில் இருக்கும் காசா? இதுதான் தலைப்பு. தம்பி கைப்பேசிக்காக வெளுத்து வாங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். 'சட்டைப் பையில் ஒரு ரூபாய்கூட இல்லாமல்தான் வீட்டை விட்டுக் கிளம்பினேன்' என்று மார்தட்டினார். நீங்களும் கைதட்டினீர்கள். ஐயா, அதை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறேன்.

2016-ல் வந்த யுபிஐ, இன்றைக்கு மாதத்துக்கு ஆயிரம் கோடி தடவைக்கு மேல் பணத்தைக் கைமாற்றுகிறது என்றார். உண்மை. சில்லறைத் தொல்லை தீர்ந்தது என்றார். அதுவும் உண்மை. பேருந்தில் ஐந்நூறு ரூபாயை நீட்டி நடத்துனரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். மீதிச் சில்லறைக்குப் பதிலாகக் கடைக்காரர் கொடுத்த மிட்டாயைச் சேர்த்து வைத்திருந்தால் இந்நேரம் நானே ஒரு கடை போட்டிருப்பேன். ஆனால் தம்பி சொன்னதெல்லாம் வசதி. தலைப்பில் இருப்பது நிம்மதி.

காலையில் ஐந்நூறு ரூபாயோடு காய்கறிச் சந்தைக்குப் போகிறேன். முருங்கைக்காய் வாங்கும்போது நானூற்று முப்பது, தக்காளி வாங்கும்போது முந்நூற்றுத் தொண்ணூறு என்று கையே கணக்குச் சொல்லும். பர்ஸ் மெலிய மெலிய மனசு 'போதும்மா' என்னும். கைப்பேசி அப்படிச் சொல்லுமா? 'டிங்' என்னும், பச்சை டிக் ஒன்று போடும், ஏதோ பரிசு விழுந்த மாதிரி காகிதப் பூவைத் தூவும். காசு போனதற்கு யாராவது பூ தூவுவார்களா, ஐயா? மாதக் கடைசியில் பட்டியலைத் திறந்தால் இருபது, நாற்பது, பதினைந்து என்று நூறு வரி. எது டீ, எது ஜெராக்ஸ், யாருக்குத் தெரியும்?

இந்தக் கூட்டத்தில் தாய்மார்கள் அதிகம். அதனால் ஒரு வார்த்தையைத் துணிந்து சொல்கிறேன்: சிறுவாடு. கடுகு டப்பாவில், அரிசிப் பானையில், மடித்து வைத்த புடவைக்குள் நாம் சேர்க்கிற காசு. புருஷனுக்குத் தெரியாமல் சேர்த்து, புருஷனுக்கு ஒன்று என்றால் முதலில் எடுத்து நீட்டுகிற காசு. 2016 நவம்பரில் ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றார்களே, அன்றைக்கு எத்தனை வீட்டில் அந்த டப்பா அம்பலமானது! ஆமாம், காசுக்கும் அன்று ஒரு அடி விழுந்தது, மறைக்கவில்லை. கைப்பேசியில் சிறுவாடு சேர்க்க முடியுமா, தம்பி? பாஸ்வேர்டு பிள்ளைக்குத் தெரியும், குறுஞ்செய்தி வீட்டுக்காரர் எண்ணுக்குப் போகும்.

கணக்கில் போட்டால் பத்திரம் என்பீர்கள். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் முதன்முதலாகக் கணக்குக்கு வந்தது. சில வங்கிகள் என்ன செய்தன? குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சொல்லி அதிலேயே கட்டணத்தைப் பிடித்துக்கொண்டன. அப்படிப் பிடிக்கக் கூடாது என்று மாநில நிதியமைச்சர் அறிக்கை விட வேண்டியிருந்தது. கடுகு டப்பா இதுவரை யாரிடமும் கட்டணம் பிடித்ததில்லை.

அதே வருஷம் டிசம்பர், மிக்ஜாம் புயல். சென்னையில் என் தங்கை வீட்டில் மாட்டிக்கொண்டேன். தெருவில் முழங்கால் தண்ணீர். கரண்ட் போய் இரண்டு நாள். கைப்பேசியில் சார்ஜ் இல்லை, இருந்தவர்களுக்கு சிக்னல் இல்லை. தெருமுனையில் ஒருவர் பால் பாக்கெட் கொண்டுவந்தார். வரிசையில் என் முன்னால் நின்ற பையன் நல்ல வேலையில் இருப்பவன், லட்சத்தில் சம்பளம். இடுப்பில் குழந்தை. அணைந்துபோன கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். பால்காரர் மேல் தப்பில்லை, அவரும் கையில் காசு கொடுத்துத்தானே வாங்கி வந்திருப்பார். என் தங்கையின் மாமியார் சுருக்குப் பையை அவிழ்த்தார். கசங்கிய நூறு ரூபாய் நோட்டு. அவனுக்கும் சேர்த்து வாங்கினார். அந்த வாரம் முழுக்க அந்தத் தெருவுக்கு வங்கி அந்தச் சுருக்குப் பைதான்.

'புயல் தினமுமா வருகிறது?' என்று தம்பி முணுமுணுப்பது கேட்கிறது. புயல் வேண்டாம், தம்பி. 2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை. மழை இல்லை, காற்று இல்லை. நாடு முழுக்க யுபிஐ தடுமாறியது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவியவர்களின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, இதுதான் எனக்கு உண்மையிலேயே வயிற்றைக் கலக்குகிறது. எங்கேயோ ஒருவன் யாரையோ ஏமாற்றுகிறான். அந்தப் பணம் நாலு கணக்கு சுற்றி, அதில் ஒரு துளி நம்ம ஊர் டீக்கடைக்கு வருகிறது, இரண்டு டீயும் ஒரு வடையும். புகார் போனதும் அந்த டீக்கடைக்காரரின் கணக்கை முடக்கிவிடுகிறார்கள். அவர் தெரியாத மாநிலத்துக் காவல் நிலையத்துக்கு, தெரியாத மொழியில் போன் போட்டுக்கொண்டிருப்பார். திருடனைப் பிடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு நூறு ரூபாய் நோட்டைப் பாருங்கள், ஐயா. எத்தனை கை மாறி வந்ததோ, யார் கையில் இருந்ததோ. டீக்கடைக் கல்லாவில் விழுந்ததும் அது டீக்கடைக்காரரின் காசு. நாளைக் காலையில் பால் வாங்க அவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துவிடுகிறேன். ஒரு ரூபாய்கூட இல்லாமல் கிளம்பினேன் என்றாரே தம்பி, அவர் வந்த ஆட்டோ வாசலில் கால் மணி நேரம் நின்றது. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஆட்டோ சக்கரம் இல்லை, கைப்பேசித் திரையில். கடைசியில் எண்பது ரூபாய் கொடுத்து அனுப்பியது நான். 'ஜிபேயில் போட்டுவிடுகிறேன், அக்கா' என்றார். வேண்டாம் தம்பி, இறங்கியதும் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.